இன்ஜின் விளக்கு எரிகிறதா? சென்சாரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

வண்டி வைத்தியம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அடி அண்ணாமலைப் பக்கம். கிரிவலம் முடித்து, விடுதியில் கண்ணயர்ந்து எழுந்த குடும்பம் ஒன்று ஊருக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால், மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையவே இல்லை. சென்னைக்கோ பெங்களூருவுக்கோ ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். பின் சீட்டில் பாட்டியும் குழந்தைகளும் உட்கார்ந்தாயிற்று. இப்போது போகலாமா, கூடாதா?

அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். ஒன்று, "அது சும்மா எரியும் சார், ஒண்ணும் ஆவாது, ஓட்டிக்கிட்டுப் போங்க." இன்னொன்று, "சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்." இரண்டுமே ஊகம்தான். முதல் ஊகம் தவறானால், சைலன்சர் பக்கம் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகிப்போகும் அளவுக்குச் செலவு வரலாம். இரண்டாவது ஊகம் தவறானால், நன்றாக இருக்கும் சென்சார் குப்பைக்குப் போகும். சில ஆயிரங்கள் கைமாறும். விளக்கு மட்டும் மறுபடி எரியும்.

ஊகிக்கத் தேவையே இல்லை. எதைக் கண்டு அந்த விளக்கைப் போட்டோம் என்பதை வண்டியின் கணினி ஐந்து எழுத்துக் குறியீடாக எழுதி வைத்திருக்கிறது. அதைத்தான் மெக்கானிக்குகள் எரர் கோட் என்கிறார்கள். அதைப் படிப்பது எளிது. சரியாகப் புரிந்துகொள்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மஞ்சளா, சிவப்பா?

குறியீட்டைப் படிப்பதற்கு முன் விளக்கின் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்க் குவளை போன்ற படமோ, தெர்மாமீட்டர் போன்ற படமோ சிவப்பில் எரிந்தால் பேச்சே இல்லை. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமலோ, அளவுக்கு மீறிய சூட்டிலோ ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே பாழாகிவிடும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

இன்ஜின் படம் மஞ்சளில் விட்டு விட்டு எரிந்தால், பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அதன் பொருள் மிஸ்ஃபயர். அதாவது, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியே போகிறது. அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் பகுதி அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு பிளக்கில் முடிய வேண்டிய செலவு, கன்வெர்ட்டர் வரை போவது இப்படித்தான். விளக்கு துடித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். 200 கிலோமீட்டர் பயணம் அன்றைக்கு வேண்டாம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, வண்டியின் இழுவையிலும் சத்தத்திலும் மாற்றமில்லை, சூடும் ஏறவில்லை என்றால், மிதமான வேகத்தில் அருகிலுள்ள வொர்க்‌ஷாப் வரை போகலாம். வழியில் விளக்கு துடிக்கத் தொடங்கினாலோ, இழுவை குறைந்தாலோ, பெட்ரோல் வாசனை வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது?

இது முதலில் இன்ஜினைக் காப்பாற்ற வந்த விளக்கல்ல; காற்றைக் காப்பாற்ற வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக, 1988 மாடல் கார்களிலிருந்து வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது கம்பெனிக்குக் கம்பெனி பிளக் வேறு, குறியீடு வேறு. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க எல்லாக் கார்களுக்கும் பொதுவான அமைப்பு வந்தது. அதுதான் ஓ.பி.டி.2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் கட்டாயமானது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ்.4 விதி வந்தபோது, முதல் கட்ட ஓ.பி.டி.யும் வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். பி.எஸ்.4 நாடு முழுவதற்கும் ஆனது 2017 ஏப்ரலில். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6. இப்போது பைக்கிலும் ஸ்கூட்டரிலும்கூட இதே மஞ்சள் விளக்கு இருக்கிறது.

இதனால் சாமானியருக்கு ஒரு லாபம் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்துக்கு அருகில், 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் சாக்கெட் ஒன்றே. அடிப்படைக் குறியீடுகளின் பொருளும் ஒன்றே.

குறியீடு என்பது பின்கோடு மாதிரி

திருவண்ணாமலையின் பின்கோடு 606601. அதைப் பார்த்தால் கடிதம் எந்தத் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. அதைத் தபால்காரர் நடந்துபோய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். எரர் கோடும் அதே போலத்தான். கோளாறு எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று சொல்லும். எந்தப் பாகம் பழுது என்று சொல்லாது.

பி0301 என்ற குறியீட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். 'சி' என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்ற அடிச்சட்டப் பகுதி. ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து வந்தால் ஏர்பேக், ஏசி போன்ற உடல் பகுதி. 'யு' வந்தால், வண்டிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பில் சிக்கல்.

அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தக் கம்பெனியே வைத்துக்கொண்டது. அதற்கு அந்தக் கம்பெனியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம் பகுதியைச் சொல்லும். 1, 2 என்றால் காற்று - எரிபொருள் கலவை. 3 என்றால் தீப்பொறியும் மிஸ்ஃபயரும். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. 7 என்றால் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட கோளாறு. ஆக, பி0301 என்றால் முதலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். அதற்குப் பிளக் காரணமா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? அது குறியீட்டில் இல்லை.

'சென்சார்' என்ற சொல் குறியீட்டின் விளக்கத்தில் வந்தாலும் கதை இதுதான். பி0135 என்பதற்கு ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமல்ல. ஃபியூஸ், வயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். ஒரு சின்ன ஃபியூஸ் போயிருந்தாலும் இதே குறியீடு வரும். ஃபியூஸைப் பார்க்காமல் சென்சார் வாங்கினால் நஷ்டம் யாருக்கு?

அழிக்கும் முன் படம் பிடியுங்கள்

ஸ்கேனரில் குறியீட்டைப் படித்ததும் பலர் செய்யும் அடுத்த வேலை, அதை அழிப்பது. விளக்கு அணையும், மனசுக்கு நிம்மதி. ஆனால், அதோடு முக்கியமான தடயமும் அழிந்துவிடும்.

கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது, கூலன்ட் சூடு எவ்வளவு, இன்ஜின் மீது எவ்வளவு சுமை என்று கணினி ஒரு பதிவை எடுத்து வைத்திருக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். செஞ்சி தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததா, கிரிவலப் பாதை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது வந்ததா, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் வந்ததா என்பதை அது சொல்லிவிடும். ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. குறியீட்டையும் அந்தப் பதிவையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை.

பெரும்பாலான கோளாறுகளை முதல் முறை கண்டதும் கணினி விளக்கைப் போடாது. அதை 'பெண்டிங்' என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் உறுதிசெய்து விளக்கை எரிய விடும். கோளாறு நிஜமாகவே நீங்கிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சரியாக இருந்ததும் விளக்கு தானாகவே அணையும். குறியீடு மட்டும் நினைவகத்தில் இருந்து, இன்ஜின் 40 முறை சூடேறி ஓடிய பிறகு நீங்கும். ஆகவே, பழுதை நீக்காமல் குறியீட்டை அழிப்பது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை உதறி வைப்பது போலத்தான்.

மைனஸ் 40 டிகிரி காட்டும் மர்மம்

அடி அண்ணாமலை, மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் பெரிய கோயிலுக்கு நேர் மறுபக்கம் இருக்கும் ஊர். நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் மாவட்டம். வயலுக்கும் தோப்புக்கும் பக்கத்தில் நாலைந்து நாள் கார் நின்றால், இரவில் சூடான இன்ஜின் அறைக்குள் விருந்தாளி வருவார். எலி! வயரைச் சுற்றியிருக்கும் உறையைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாலு நாள் நின்ற காரை எடுத்ததும் விளக்கு எரிகிறது. குறியீடு பி0113. இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' பக்கத்தைத் திறந்தால், காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. திருவண்ணாமலையில் மைனஸ் 40!

இந்த எண்ணே துப்பு. இந்த வகை சென்சார் குளிரில் மின்தடை கூடும், சூட்டில் குறையும். வயர் அறுந்துவிட்டால் தடை எல்லையில்லாமல் போய்விடும். கணினி அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொண்டு, தன்னால் காட்ட முடிந்த கடைசி எண்ணைக் காட்டும். ஆக, அறுந்தது சென்சாரின் உள்ளேயா, வெளியே வயரிலா என்பதுதான் கேள்வி.

இரண்டு வயர் மட்டுமே போகும் இந்தச் சென்சாருக்கு, வேலை தெரிந்த மெக்கானிக் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைப்பார். மைனஸ் 40 சட்டென்று நூறைத் தாண்டினால், வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் பழுது. எண் அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால், சென்சாரில் தப்பில்லை. வழியில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. வேலை ஐந்து நிமிடம். செலவு இல்லை. வயர் என்றால் ஒரு ஒட்டு, ஒரு உறை, கொஞ்சம் டேப். (இந்தச் சோதனை இந்த வகை இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே. மற்றவற்றில் வயரைச் சேர்த்தால் கணினியே போய்விடலாம். வீட்டில் முயல வேண்டாம்.)

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு குறியீடுகள் ஒரே நாளில் வந்தாலும் எலியை நினைத்துக்கொள்ளுங்கள்; கூடவே பேட்டரியையும். ஐந்து சென்சார்கள் ஒரே இரவில் சொல்லி வைத்துக்கொண்டு பழுதாவதில்லை. இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து, எர்த் வயரை இறுக்கினாலே பாதி குறியீடுகள் காணாமல் போவதுண்டு.

அடிக்கடி வருபவை... அவசரப்பட்டு மாற்றப்படுபவை

பி0301 முதல் பி0304 வரை - மிஸ்ஃபயர்: சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டிகளில் பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதை முதலுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு 0303 ஆக மாறினால் காயில் பழுது. 0301 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போகலாம்.

பி0171 - கலவையில் பெட்ரோல் குறைவு: ஆக்சிஜன் சென்சார் சொன்ன புகார் என்பதால், அந்தச் சென்சாரையே மாற்றிவிடுவார்கள். புகார் சொன்னவரைத் தண்டிக்கும் வேலை இது. காற்று ஃபில்டருக்குப் பின்னால் வெடித்த ஹோஸ், கடந்த சர்வீஸில் இறுக்காமல் விட்ட கிளாம்ப், அடைத்த ஃபியூயல் ஃபில்டர், தளர்ந்த பம்ப் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். லைவ் டேட்டாவில் 'ஃபியூயல் ட்ரிம்' என்று ஒரு சதவிகிதம் தெரியும். கலவையைச் சரிக்கட்டக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் கணக்கு அது. பொதுவாக 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், ஐடிலிங்கில் அதிகமாக இருந்து 2,500 ஆர்.பி.எம்.மில் குறைந்தால் காற்றுக் கசிவைத் தேடலாம். மாறாக, வேகமும் சுமையும் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்கலாம்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்தக் கணக்கில் வரும். ஒரு பங்கு பெட்ரோலை முழுதாக எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே, எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் செலுத்த வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் கணினி அதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே சிறு காற்றுக் கசிவோடு ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியில், அதுவே விளக்கை எரிய வைக்கும் கடைசித் துளியாகலாம். அப்போதும் தேட வேண்டியது கசிவைத்தான்.

பி0420 - கன்வெர்ட்டரின் திறன் குறைவு: இந்தப் பட்டியலிலேயே விலை உயர்ந்த வார்த்தை இதுதான். அதனாலேயே கடைசியாக நம்ப வேண்டியதும் இதுதான். மிஸ்ஃபயர் குறியீடு கூடவே இருந்தால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் புதுக் கன்வெர்ட்டரும் போய்விடும். புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்து, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே குறியீடு வரலாம்.

பி0128 - கூலன்ட் போதுமான அளவு சூடேறவில்லை: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றிப் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறத் தாமதமாகும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறையும், பிளக் கருக்கும், கடைசியில் இந்தக் குறியீடு வரும். இங்கே மாற்ற வேண்டியது சென்சாரையல்ல. கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட வேண்டும்.

பி2463 - டீசல் ஃபில்டரில் கரி அடைப்பு: பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. சேரும் கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல், ஓரளவு வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து ஆசிரமம், ஆசிரமத்திலிருந்து கோயில் என்று நாள் முழுக்க இரண்டு, மூன்று கிலோமீட்டர் சவாரி மட்டும் அடிக்கும் டீசல் டாக்ஸிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபில்டர் விளக்கு முதலில் எரியும்போதே செங்கம் சாலையிலோ வேலூர் சாலையிலோ ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டால், பெரும்பாலும் சரியாகிவிடும். வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால் வொர்க்‌ஷாப்பில் கணினி மூலம்தான் எரிக்க வேண்டும். அதையும் தாண்டினால் ஃபில்டரையே மாற்ற வேண்டிவரும். கடன் தவணை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுபவருக்கு அது பல மாதச் சம்பாத்தியம்.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று அமெரிக்க வீடியோக்கள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள். அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கார் சோதிப்பது கட்டாயம். நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. அந்தக் கசிவுச் சோதனை இங்கு பெரும்பாலான கார்களில் இருக்காது. மூடியை இறுக்குவதில் தப்பில்லை. அதையே வைத்தியமாக நம்பி 200 கிலோமீட்டர் கிளம்புவதுதான் தப்பு.

ஸ்கேனர் வாங்கலாமா?

கட்டைவிரல் அளவிலான புளூடூத் ஸ்கேனர்கள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. மொபைலில் ஆப் போட்டுக்கொண்டு குறியீட்டையும் லைவ் டேட்டாவையும் பார்க்கலாம். ஊர் ஊராகச் சுற்றும் குடும்பத்துக்கும் டாக்ஸி ஓட்டுபவருக்கும் பயனுள்ள பொருள்தான். ஆனால், மிக மலிவானவை சில கார்களோடு ஒத்துப்போவதில்லை. இன்ஜின் பக்கக் குறியீடுகளைத்தான் பொதுவாகப் படிக்கும்; ஏ.பி.எஸ்., ஏர்பேக் குறியீடுகளுக்கு வொர்க்‌ஷாப் ஸ்கேனர் தேவைப்படலாம். வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். நாட்கணக்கில் செருகி வைத்தால் பேட்டரி இறங்கும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

இந்த இடத்தில்தான் குறியீடு அறிவு நேரடியாகப் பணத்தைக் காப்பாற்றும். விற்பவர் காலையில் குறியீடுகளை அழித்துவிட்டால், நீங்கள் மாலையில் பார்க்கும்போது விளக்கு எரியாது. அவர் மறைத்தாலும் கணினி மறைக்காது.

சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் விளக்கு அப்போது எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால், விளக்கையே யாரோ முடக்கியிருக்கலாம்.

அடுத்து, ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்ததும் கணினி தன் சுயசோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றுக்கு எதிரே 'இன்னும் முடியவில்லை' என்று இருந்தால், சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். 'அழித்த பின் ஓடிய தூரம்' என்ற எண்ணையும் பல வண்டிகள் காட்டும். அது 6 கிலோமீட்டர் என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். ஒருநாள் நன்றாக ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்று விற்பவரிடம் கேளுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர் மறுக்க மாட்டார்.

"புகைச் சான்றிதழ் இருக்கே சார்" என்ற பதிலால் சமாதானம் ஆகிவிடாதீர்கள். அந்தச் சோதனை, வண்டி நிற்கும்போது குழாயில் வரும் புகையை அளக்கிறது. கணினியில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு கதை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கணினியைவிடக் காது கூர்மையான மெக்கானிக்குகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. இந்தக் கேள்விகள் அவர்களைச் சந்தேகப்படுவதற்கல்ல. நல்ல மெக்கானிக் இவற்றைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

1. என்ன குறியீடு வந்தது? எழுதிக் கொடுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்கிறேன்.

2. பெண்டிங்கா, உறுதியானதா? ஃப்ரீஸ் ஃப்ரேமில் என்ன இருக்கிறது?

3. இந்தப் பாகம்தான் பழுது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?

4. வயர், கனெக்டர், ஃபியூஸ், ஹோஸ் பார்த்தாயிற்றா?

5. மாற்றிய பழைய பாகத்தைக் கொடுங்கள்.

6. வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்தீர்களா?

மூன்றாவது கேள்விதான் இவற்றில் முக்கியம். "குறியீட்டிலேயே போட்டிருக்கே சார்" என்பது அதற்குப் பதில் அல்ல. "காயிலை மாத்திப் போட்டேன், குறியீடும் கூடவே போச்சு", "முனையைச் சேர்த்தேன், மைனஸ் 40 அப்படியே நின்னுது" என்று வந்தால் அது பதில். அப்படிச் சொல்பவரிடம் தாராளமாகப் பணத்தைக் கொடுக்கலாம். சோதித்துப் பார்த்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். தேவையில்லாத ஒரு சென்சாரின் விலையைவிட அது நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம்: நாலு நாள் நின்றாலே பேட்டரி இறங்குகிறதா? மின்சாரத்தைத் திருடுவது எது?